சுக்கானைத் தாங்கும் ஆணி

திருப்பூர்ப் பக்கத்து ஊத்துக்குளியில் கடல் இல்லை. வெண்ணெய்க்குப் பேர்போன அந்த ஊரைச் சுற்றி இன்று பனியன் கம்பெனிகள். தைத்த துணி கண்டெய்னர் லாரியில் ஏறி, பெரும்பாலும் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிறது. ஆனால் கொங்கு நாட்டுச் சரக்கு கப்பல் ஏறுவது புதிதல்ல. ஊத்துக்குளிக்குத் தெற்கே ஓடும் நொய்யலின் கரையில், கொடுமணலில், ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே கல்மணிப் பட்டறைகள் இருந்தன. காங்கேயம் பக்கம் படியூரில் தோண்டிய பச்சைக்கல்லுக்கு ரோமாபுரி வரை கிராக்கி. பாலக்காட்டுக் கணவாய் தாண்டி சேரநாட்டு முசிறித் துறைமுகத்தில் கப்பல் ஏறினால், பிறகு எல்லாம் காற்றின் கையிலும் சுக்காணியின் கையிலும்தான்.

அந்தக் கப்பல்களின் சுக்கானை இன்றைக்குப் பார்த்தால் துடுப்பு என்றுதான் சொல்வோம். பின்பக்கம் இடமும் வலமுமாக இரண்டு பெரிய துடுப்புகளைக் கயிற்றால் பிணைத்திருப்பார்கள். அஜந்தா ஓவியத்துக் கப்பலிலும் திருப்புவதற்குத் துடுப்புகள்தான். கயிறு தளர்ந்தால் இறுக்கிக் கட்ட வேண்டும், அவ்வளவே வைத்தியம். தேவைப்பட்டால் வேண்டுமென்றே தளர்த்தவும் செய்வார்கள். கிறிஸ்துவின் அப்போஸ்தலரான பவுல் கைதியாகச் சென்ற கப்பல் மால்டா தீவருகே தவித்தபோது, மாலுமிகள் நங்கூரங்களை விட்டுவிட்டுச் சுக்கான் கட்டுகளைத் தளர்த்திக் கரையை நோக்கி ஓட்டினார்கள் என்று பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரம் சொல்கிறது.

சுக்கானைக் கப்பலின் நடுப் பின்புறத்துக்குக் கொண்டுவந்ததில் சீனர்கள் முந்திக்கொண்டார்கள். குவாங்சோவில் கல்லறையொன்றில் கிடைத்த, கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த மண்படகு அதற்குச் சாட்சி. ஐரோப்பாவில் அது வர இன்னும் ஆயிரம் ஆண்டு ஆனது. இங்கிலாந்தின் வின்செஸ்டர் பேராலயத்தில், 1180 வாக்கில் செதுக்கிய ஞானஸ்நானத் தொட்டியில், கப்பலின் பின்முனையில் சுக்கான் தொங்குகிறது. சீனச் சுக்கான் கயிற்றில் தொங்கும். ஐரோப்பியர் அதைக் கதவைப் போலக் கீலில் மாட்டினார்கள்: பலகையில் முளையாணி, கப்பலின் பின்கட்டையில் அது இறங்கும் இரும்பு வளையம்.

இன்றுவரை பாய்மரக்காரர்களை விடாத தலைவலி அந்த ஏற்பாட்டோடு வந்ததுதான். கயிறு தளர்ந்தால் கண்ணுக்குத் தெரியும். ஆணி தண்ணீருக்கடியில் தேய்வது யாருக்குத் தெரியும்? அலை அடிக்க அடிக்க ஆணி மெலிகிறது, வளையம் அகலமாகிறது. கைப்பிடியில் 'டொக் டொக்' என்று தட்டும்போதுதான் விஷயம் புரியும். படகைக் கரையேற்றி, சுக்கான் பலகையின் பின்விளிம்பை இரு கையாலும் பிடித்து இடவலமாக உலுக்கினால் போதும், ஆட்டம் எங்கே என்று தெரிந்துவிடும். ஆணியும் வளையமும் உரசும் இடத்தில் ஆட்டம் என்றால் புதிய புஷ் (உட்குழல்) போட வேண்டும். வளையத்தைப் பிடித்த போல்ட்டே ஆடினால் சங்கதி வேறு: உள்ளே மரம் உளுத்திருக்கலாம். அப்படியானால் போல்ட்டை முறுக்குவது வீண்வேலை. உளுத்ததைச் சுரண்டி எடுத்து, துளையை நிரப்பி, புதிதாகத் துளையிட்டு மாட்டினால்தான் நிற்கும். புஷ் தேய்ந்த இயந்திரத்தோடு மல்லுக்கட்டும் திருப்பூர் மெக்கானிக்குக்கு இதில் பாதி விளக்கமே தேவைப்படாது.

தண்ணீருக்கடியில் ஆணி கெடும் என்பதை பிரிட்டிஷ் கடற்படை அதிகச் செலவில் கற்றது. கப்பலின் அடிப்பாகத்தைக் கடற்புழு அரிக்காமலிருக்க 1761இல் 'அலார்ம்' என்ற போர்க்கப்பலுக்குச் செப்புத் தகடு வேய்ந்தார்கள். புழு விலகியது, ஆனால் உப்புநீரில் செம்பும் இரும்பும் ஒட்டியிருந்த இடங்களில் இரும்பாணிகள் கரைந்துபோயின. 1764இல் உலகைச் சுற்றப் புறப்பட்ட 'டால்ஃபின்' கப்பலுக்கோ தகடு மட்டுமல்ல, சுக்கானின் முளையாணியும் வளையமும்கூடச் செம்பில்தான். கடற்பயண வரலாறுகளில் தலைவன் பெயர் இருக்கும், பாயின் அளவு இருக்கும். ஆணிக்கு ஒரு வரி கிடைப்பதே அபூர்வம்.

நம் பக்கம் சுக்கானைப் பழுதுபார்க்கும் வேலை நடந்த முக்கியமான இடங்களில் ஒன்று தூத்துக்குடி. அங்கே கடல் ஆழம் குறைவு. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து மைல்கணக்கில் தள்ளித்தான் நங்கூரமிட்டன. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய காலத்திலும் கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கைச் சுமந்தவை தோணிகளே. பெரிய தோணிகள் தண்டல் எனும் தோணித் தலைவரின் பொறுப்பில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய்விரித்துப் போயின. தென்மேற்குப் பருவக்காற்று சீறும் மாதங்களில் ஓட்டம் நிற்கும். தச்சர்கள் பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடிப்பதும் சுக்கானைச் சரிபார்ப்பதும் அப்போதுதான். பிறகு எஞ்சின் வந்தது, பாய் ஒதுங்கியது. 1974இல் தூத்துக்குடியின் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. திருப்பூர்ச் சரக்கு இன்று அங்கே கிரேனில் ஏறுகிறது.

பாய்மரத் தொழில் போனாலும் சுக்கான் தொல்லை போகவில்லை. இந்தியக் கடற்படையின் ஆறு பெண் அதிகாரிகள் 'தாரிணி' பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்தபோது, கடைசிக் கட்டத்தில், 2018 ஏப்ரலில், சுக்கானை இயக்கும் அமைப்பு பழுதாகி, திட்டத்தில் இல்லாத மொரீஷியஸில் ஒதுங்க நேர்ந்தது. சரிசெய்துகொண்டு மே 21 அன்று கோவா சேர்ந்தார்கள். அதே படகில் 2024 அக்டோபர் 2 அன்று கடற்படைப் பெண் அதிகாரிகள் இருவர் மட்டும் புறப்பட்டார்கள்: தில்னா, புதுச்சேரிக்காரரான ரூபா அழகிரிசாமி. 2025 மே 29 அன்று உலகைச் சுற்றி முடித்துக் கோவா திரும்பினார்கள்.