வயோந்த்: அளந்துகொண்டிருக்கையிலேயே சரிந்த மலை

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயன்கள் மண்ணுள் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தமை பின்னரே பரவலாகப் பேசப்பட்டது. அறிந்திருந்தும் மக்கள் ஏன் மடிந்தனர் என்ற கேள்விதான் இத்தாலியின் வயோந்த் பள்ளத்தாக்கின் கதையைத் தேடி வாசிக்க என்னைத் தூண்டியது.

அங்கே எழுப்பப்பட்ட அணைக்கட்டின் உயரம் 261.6 மீற்றர். நீர்த்தேக்கத்தின் தென்கரையிலுள்ள தொக் மலை உறுதியற்றது என்பது ஏர்த்தோ கிராமத்தவர் அறிந்த விடயம். அவர்களது அச்சத்தை 1959இல் கம்யூனிஸ்ட் கட்சி ஏடான 'லுனிற்றா'வில் எழுதினார் டீனா மெர்லின் என்ற பெண் பத்திரிகையாளர். பொய்ச் செய்தி பரப்பிப் பொது அமைதியைக் குலைத்தார் என அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. (கட்சிப் பத்திரிகையில் வந்தாலே செய்தி பொய்யாகிவிடும் என்று கருதுவோர் எங்கள் நாட்டிலும் உளர்.) 1960இல் மிலான் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அதே ஆண்டு நவம்பர் 4ஆம் திகதி மலையின் ஒரு பகுதி, சுமார் 7 இலட்சம் கன மீற்றர், நீர்த்தேக்கத்துள் சரிந்தது. மேலே ஏறத்தாழ 2 கிலோமீற்றர் நீளத்துக்கு வெடிப்பும் தோன்றியது.

அதன்பின் கண்காணிப்பில் குறைவிருந்ததாகக் கூறமுடியாது. சரிவில் அடையாளங்கள் நாட்டி மலையின் நகர்வை அளந்து வந்தனர். நீர்மட்டத்தை உயர்த்தினால் நகர்வு விரைவுபெறும், தாழ்த்தினால் தணியும். ஆகவே மலை தமது கட்டுப்பாட்டில் உள்ளதெனப் பொறியியலாளர்கள் நம்பினர். மாதிரி அமைத்து ஆய்வுகூடத்திலும் பரிசோதித்தனர். ஆனால் ஒரே பாறைத்திணிவாக இறங்கக்கூடிய மலைக்குப் பதிலாக அதில் சரளைக் கற்களையே பயன்படுத்தினர். நீர்மட்டம் 700 மீற்றரில் இருந்தால் அபாயமில்லை என்பது அவர்களின் முடிவு.

1963 செப்டெம்பர் இறுதியில் நீரை இறக்கத் தொடங்கினர். இம்முறை மலை அடங்கவில்லை. ஒக்டோபர் 9ஆம் திகதி நகர்வு நாளொன்றுக்கு சுமார் 20 சென்ரிமீற்றரை எட்டியிருந்தது. சரிவில் வாழ்ந்தோரை வெளியேறுமாறு முதல் நாள் உத்தரவிடப்பட்டிருந்தது. அணைக்குக் கீழேயுள்ள லொங்கரோனே நகரத்தாருக்கோ எவரும் எதுவும் சொல்லவில்லை. அன்றிரவு அங்குள்ள மதுக்கடைகளில் பலர் றியல் மட்ரிட், றேஞ்சர்ஸ் அணிகளின் உதைபந்தாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கக் கூடியிருந்தனர். நீர்மட்டம் ஏறக்குறைய அந்த 700 மீற்றரிலேயே இருந்தது.

இரவு 10.39 மணிக்கு, சுமார் 27 கோடி கன மீற்றர் மலை ஒரே திணிவாக இறங்கியது. மேலெழுந்த நீர் அணையைத் தாண்டி விழுந்து லொங்கரோனேயைத் துடைத்தழித்தது. பள்ளத்தாக்கில் 1,900க்கும் அதிகமானோர் மாண்டனர். அணையோ பெரிதாகச் சேதமுறவில்லை. இன்றும் நிற்கிறது.

டீனா மெர்லின் இவற்றையெல்லாம் நூலாக எழுதினார். அது வெளிவந்தது 1983இல்.