வயலும் பட்டியும்: செங்கலடிச் சேதன வேளாண்மை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு நகருக்கு வடமேற்கே, பதுளை வீதி கிளைத்துச் செல்லும் சந்தியில் அமைந்துள்ளது செங்கலடி. ஏறாவூர்ப்பற்றைச் சேர்ந்த இவ்வூருக்கு மேற்கே வயல்வெளிகளும், அவற்றிற்கப்பால் மேய்ச்சல் நிலங்களும் பரந்து கிடக்கின்றன. இவ்விரண்டிற்குமிடையே நிலவிய தொடர்பின் வரலாறே இப்பகுதிச் சேதன வேளாண்மையின் வரலாறு எனலாம்.

மாரிமழையுடன் பெரும்போகம் தொடங்குங்கால், பயிருக்குச் சேதம் நேராவண்ணம் மாட்டுப்பட்டிகளை மயிலத்தமடு, மாதவணை முதலிய இடங்களுக்குச் சாய்த்துச் செல்வது நெடுநாள் வழக்கம். அறுவடை முடிந்தபின் மீண்டுவரும் மாடுகள் தாளை மேய்ந்தன. அவற்றின் சாணமும் சலமும் வயலிலேயே தங்கின. எருமைகள் சேறு மிதித்து உழவுக்கு உதவின. களத்திலே சூடும் மிதித்தன. பட்டி தந்த பாலும் தயிரும் வீட்டுக்கு உணவாயின. வயல் பட்டியை ஊட்டியது. பட்டி வயலை ஊட்டியது.

இந்நிலை மாறியது எவ்வாறு? 1913இல் ஜேர்மனியில் காற்றிலுள்ள நைதரசனிலிருந்து அமோனியாவை ஆக்கும் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. இலங்கையில் பத்தலகொடை நிலையம் உருவாக்கிய எச்-4 நெல்லினம் 1958இல் வெளிவந்தது. 1962இல் பசளை மானியம் தொடங்கிற்று. 2005ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி நெற்செய்கையாளர் 50 கிலோ பசளை மூடையை 350 ரூபாவுக்குப் பெற்றனர். விளைச்சல் பெருகியது, அதனை மறுத்தல் நீதியாகாது. ஆயினும் உழவு இயந்திரம் எருமையின் இடத்தையும், பசளை மூடை சாணத்தின் இடத்தையும் பற்றிக்கொள்ளவே, வயலும் பட்டியும் ஒன்றையொன்று மறந்தன.

சேதனப் பசளையின் பயன் பயிரை ஊட்டுவதோடு அமைவதன்று. அது மண்ணின் ஈரத்தைப் பிடித்துவைக்கும், நுண்ணுயிர்களை வளர்க்கும், மண்ணை இறுகவிடாது காக்கும். இந்தோரில் 1924 முதல் 1931 வரை பணியாற்றிய அல்பேட் ஹவாட், இந்திய உழவரிடம் கற்றே கூட்டெரு ஆக்கும் முறையை வகுத்தார். கால்நடையின்றி வேளாண்மை நிலைபெறாது என்பது அவர் துணிபு.

இவ்வுண்மை 2021இல் மறக்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் அரசு அசேதனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. ஒரு மூடை யூரியாவில் 23 கிலோ நைதரசன் உண்டு. நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசனுடைய கூட்டெருவாயின், அதே அளவைப் பெற 2300 கிலோ வேண்டும். அத்துணை எருவுக்கு வேண்டிய மாடுகள் எங்கே? அவை மேயும் தரை எங்கே? நவம்பரில் தடை தளர்ந்தபோது பெரும்போக விதைப்புக் காலம் வந்துவிட்டது. 2021/22 பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் முன்னைய பெரும்போகத்தினும் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்தது. தோற்றது சேதன வேளாண்மையன்று. அதற்கு வேண்டிய ஆயத்தமின்றிப் பிறந்த கட்டளையே.

2023 செப்டெம்பரில், மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் நிலங்களில் பிறர் பயிர்செய்வதை எதிர்த்துப் பண்ணையாளர் சித்தாண்டியில் தொடர்போராட்டம் தொடங்கினர். இதனை மாடு வளர்ப்போரின் வழக்கு என்று மட்டும் கருதுதல் பொருந்தாது. மேய்ச்சல் நிலம் குறையின் பட்டி குறையும். பட்டி குறையின் எருக் குறையும். நஞ்சற்ற உணவை விரும்புவோர் முதலிற் காக்கவேண்டியது அம்மேய்ச்சல் நிலத்தையேயாம்.