அவசரக் கதவு ஓரத்து சீட்டும் அதோட கணக்கும்

எங்க ஊர் சேதராப்பட்டு புதுச்சேரியைச் சேர்ந்தது. ஆனா பக்கத்து ஊருக்குப் போனாலே தமிழ்நாடு வந்துடும். விமானம் பிடிக்கணும்னா எங்களுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, லாஸ்பேட்டையில இருக்கிற நம்ம ஊர் விமான நிலையம். ஓடுபாதை சின்னது, அதனால ஏடிஆர் மாதிரி சின்ன விமானங்கள்தான் வரும். 2024 டிசம்பர்ல இருந்து பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் மறுபடி சேவை தொடங்கியிருக்கு. இன்னொண்ணு, மயிலம் ரோட்டைப் பிடிச்சு திண்டிவனம் போய், அங்கிருந்து மீனம்பாக்கம். பிரான்சுல பிள்ளைங்க இருக்கிற குடும்பங்களுக்கெல்லாம் இந்த ரெண்டாவது வழிதான்.

எந்த வழியில போனாலும் டிக்கெட் போடும்போது திரையில் ஒரு படம் வரும். வரிசை வரிசையாகக் கட்டங்கள். நடுவில் ஒன்றிரண்டு வரிசைக்கு மட்டும் தனி நிறம், தனி விலை. சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்தைத் தாண்டியும் போகும். அவசர வழி வரிசை. கால் நீட்ட இடம் அதிகம் என்று பக்கத்தில் எழுதியிருக்கும். அந்த இடம் எப்படி வந்தது, அதை யார் கொடுத்தார்கள், அதற்கு விலை வைக்க யார் ஆரம்பித்தார்கள் என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

முதலில் 1985 ஆகஸ்ட் 22. இங்கிலாந்தின் மான்செஸ்டர் விமான நிலையம். பிரிட்டிஷ் ஏர்டூர்ஸ் நிறுவனத்தின் போயிங் 737 விமானம், கிரேக்கத் தீவான கோர்ஃபூவுக்குக் கிளம்பியது. உள்ளே 131 பயணிகள், 6 ஊழியர்கள். ஓடுபாதையில் வேகமெடுக்கும்போதே இடது எஞ்சின் வெடித்துச் சிதறி, இறக்கையில் இருந்த எரிபொருள் தொட்டியில் ஓட்டை விழுந்தது. விமானி உடனே நிறுத்திவிட்டார். விமானம் தரையில்தான் இருந்தது, வானத்தில் இருந்து விழவில்லை, எதிலும் மோதவில்லை. அப்படியும் 55 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலானவர்களைக் கொன்றது நெருப்பு இல்லை, நச்சுப் புகை.

இறக்கை மேல் இருந்த வலதுபக்க அவசர வழியில் என்ன நடந்தது என்பதை விசாரணை அறிக்கை விரிவாகச் சொல்கிறது. அதன் ஓரத்தில் 10எஃப் இருக்கையில் ஓர் இளம்பெண். கதவைத் திறப்பதாக நினைத்து அவர் இழுத்தது இருக்கையின் கைப்பிடியை. பக்கத்தில் இருந்த தோழி எழுந்து எட்டிச் சரியான பிடியை இழுத்தார். அந்த மூடி ஏறக்குறைய 22 கிலோ. அது உள்பக்கமாகச் சரிந்து, உட்கார்ந்திருந்த பெண்ணின் மேலேயே விழுந்து அவரை அமுக்கிவிட்டது. பின்வரிசையில் இருந்த ஓர் ஆள் அதைத் தூக்கி வேறு இருக்கையில் போட்ட பிறகுதான் வழி கிடைத்தது. விமானம் நின்று சுமார் 45 வினாடி போய்விட்டது.

45 வினாடி என்ன பெரிய விஷயமா என்று தோணலாம். ஒரு கணக்கு சொல்கிறேன். 44 இருக்கைக்கு மேல் உள்ள எந்தப் பயணிகள் விமானமும், பாதிக் கதவுகளை மட்டும் வைத்து, இருட்டில், 90 வினாடிக்குள் மொத்தக் கூட்டமும் வெளியேற முடியும் என்று நிரூபிக்க வேண்டும். அமெரிக்காவில் 1965இல் இந்த விதி வந்தபோது 120 வினாடி. 1967இல் 90 ஆக்கினார்கள். அந்த 90இல் பாதி, ஒரே ஒரு மூடியோடு மல்லுக்கட்டியதிலேயே போயிற்று.

மான்செஸ்டருக்குப் பிறகு பிரிட்டன் அதிகாரிகள் 1986இல் ஓர் உத்தரவு போட்டார்கள். இறக்கை மேல் உள்ள வழிக்குப் பக்கத்தில் இருக்கைகளை நெருக்கி வைக்கக் கூடாது, ஒன்று இடைவெளியைக் கூட்டு, இல்லையென்றால் ஓரத்து இருக்கையையே எடுத்துவிடு. அதோடு கிரான்ஃபீல்டு என்ற இடத்தில் ஹெலன் மியூர் என்ற உளவியல் ஆய்வாளர் பெரிய சோதனை ஒன்று நடத்தினார். பழைய விமானம் ஒன்றை நிறுத்தி, ஆட்களை ஏற்றி, முதலில் வெளியே வரும் பாதிப் பேருக்குத் தலைக்கு 5 பவுண்டு கூடுதலாகத் தருவேன் என்றார். அவ்வளவுதான், வரிசையில் ஒழுங்காக இறங்கிய அதே சனம் இருக்கை மேல் ஏறிக் குதித்தது, கதவில் சிக்கிக்கொண்டது. குறுகலான இடைவெளி இருந்தால் நெரிசலில் வழியே அடைத்துப்போகும் என்று அளந்து காட்டினார். நம்ம ஊர் டவுன் பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

ஆக, அந்த வரிசையில் இருக்கிற கூடுதல் இடம் உங்கள் முழங்காலுக்காக விட்டது இல்லை. பின்னால் இருந்து ஓடி வருகிறவன் தடுக்கி விழாமல் போவதற்காக விட்டது. அது ஒரு நடைபாதை. அதில் நாம் தற்காலிகமாகக் காலை நீட்டிக்கொள்கிறோம்.

அடுத்த கேள்வி, அங்கே யார் உட்காரலாம்? அமெரிக்கா இதற்கென்றே 1990இல் ஒரு விதி கொண்டுவந்தது. 15 வயது நிரம்பியிருக்க வேண்டும். கை கால்களில் கதவைத் திறக்கும் பலம் வேண்டும். கண்ணாடி போட்டாவது பார்க்க முடிய வேண்டும், காது கேட்க வேண்டும். சின்னக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இருக்கக் கூடாது. செய்ய வேண்டிய வேலைகளையும் பட்டியல் போட்டார்கள். அதில் முதலில் கவனிக்க வேண்டியது, திறப்பதால் ஆபத்து கூடுமா என்று வெளியே பார்த்து முடிவெடுப்பது. வெளியே நெருப்பு எரியும்போது கதவைத் திறப்பது, திறக்காமல் இருப்பதைவிட மோசம். அதாவது சம்பளம் இல்லாத ஒரு வேலை அது.

இந்த விதி சும்மா வந்துவிடவில்லை. அமெரிக்காவின் பார்வையற்றோர் கூட்டமைப்பு கடுமையாக எதிர்த்தது. 1980களில் அந்த இருக்கையை விட்டு எழ மறுத்ததற்காகப் பார்வையற்ற பயணிகள் கைதுகூட ஆகியிருக்கிறார்கள். புகை நிறைந்த விமானத்தில் யாருக்குமே கண் தெரியாது, இருட்டில் தடவி வழி கண்டுபிடித்துப் பழகியவர்கள் நாங்கள்தானே என்பது அவர்களுடைய வாதம். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை அது. ஆனாலும் விதி நின்றது.

"பாதுகாப்பு" என்ற சொல்லை வைத்து யாரை வேண்டுமானாலும் ஒதுக்கலாம் என்ற பயம் நம் நாட்டிலும் உண்டு. 2012இல் பெருமூளை வாதம் உள்ள ஜீஜா கோஷ் என்ற செயற்பாட்டாளரை கொல்கத்தாவில் ஸ்பைஸ்ஜெட் விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அது அவசர வழி இருக்கைகூட இல்லை, சாதாரணப் பயணம். உச்ச நீதிமன்றம் 2016இல் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. யார் தகுதியானவர் என்பதைத் தெளிவாக எழுதிவைக்காமல் அந்த நேரத்து ஊழியரின் பார்வைக்கு விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது சாட்சி.

தகுதி இருந்தாலும் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1991 பிப்ரவரி 1, லாஸ் ஏஞ்சலஸ். தரையிறங்கிய ஒரு 737, ஓடுபாதையில் நின்ற சின்ன விமானத்தின் மேல் மோதித் தீப்பிடித்தது. வழி ஓரத்தில் இருந்த பயணி பயத்தில் உறைந்துபோய்விட்டார், வேறொருவர் வந்து திறக்க வேண்டியிருந்தது. அதன் பிறகும் வழியிலேயே இரண்டு பேருக்குள் சில வினாடி தள்ளுமுள்ளு. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் பலர் இறந்து கிடந்தார்கள். கைகாலில் பலம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். மனசு அந்த நேரத்தில் என்ன செய்யும் என்று யார் பார்ப்பது?

சரி, காசு எப்போது நுழைந்தது? 2006இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்ட் நிறுவனம் அவசர வழி வரிசைக்கும் நடைவழி ஓரத்து சில இருக்கைகளுக்கும் 15 டாலர் வைத்தது. பிறகு எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். இந்தியாவில் 2013 ஏப்ரலில், விரும்பிய இருக்கை, சாப்பாடு போன்றவற்றுக்குத் தனிக் கட்டணம் வாங்கலாம் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அனுமதி கொடுத்தது. ஒரு நிபந்தனையும் போட்டது. பயணி தானாகக் கேட்டு வாங்குவதாக இருக்க வேண்டும், தலையில் கட்டக் கூடாது. அந்த நிபந்தனை எவ்வளவு தூரம் நிற்கிறது என்பது இணையத்தில் செக்-இன் செய்த எல்லாருக்கும் தெரியும்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், அந்த இடம் யாருக்குத் தேவை என்ற கேள்வியில். எங்கள் தெருவில் ஒரு அம்மா, சொல்தா குடும்பம், மகன் பாரிஸ் பக்கம் இருக்கிறார். முழங்கால் வலி. பத்து மணி நேரம் காலை மடக்கிக்கொண்டு உட்கார முடியாதே என்று மகன் அங்கிருந்தே அவசர வழி இருக்கையைக் காசு கட்டி எடுத்துவிட்டார். விமான நிலையத்தில் அவர் நடந்து வந்த நடையைப் பார்த்ததுமே வேறு இருக்கை கொடுத்துவிட்டார்கள். கட்டிய காசு திரும்ப வர மகன் பல நாள் அலைந்தார். "வலிக்குதுன்னுதானேப்பா வாங்கினான், வலிக்குதுன்னே எழுப்பிட்டாங்க" என்றார் அந்த அம்மா. மொத்தப் பிரச்சினையும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. முதியவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள், காலில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் என்று யாருக்கு அந்த இடம் வேணுமோ, அவங்களுக்கெல்லாம் அது கிடையாது. எழுப்பிய ஊழியர் செய்தது சரி. விற்ற இடத்தில்தான் தப்பு.

தமிழ்நாட்டில் இந்தக் கதவு ஒரு தடவை பெரிய செய்தியானது. 2022 டிசம்பர் 10, சென்னையிலிருந்து திருச்சிக்குக் கிளம்பத் தயாரான இண்டிகோ ஏடிஆர் விமானம். தரையில் நிற்கும்போதே அவசரக் கதவு திறந்துகொண்டது. சோதனை எல்லாம் முடித்துத் தாமதமாகத்தான் புறப்பட்டது. ஒரு மாதம் கழித்து அரசியல் விவாதமாக வெடித்தது. பெங்களூரு தெற்கு எம்.பி. தேஜஸ்வி சூர்யா தவறுதலாகத் திறந்துவிட்டார், மன்னிப்பும் கேட்டார் என்று அன்றைய விமானத் துறை அமைச்சர் சிந்தியா 2023 ஜனவரியில் சொன்னார். எந்தக் கட்சி, யார் மறைத்தது என்று ஊரே பேசியது. என் கவலை வேறு. ஏடிஆர் 72இல் பயணிகள் பின்பக்கம் ஏறுகிறார்கள். முன்னால் இரண்டு அவசர வழி, பின்னால் ஏறும் கதவும் அதன் எதிரே ஒரு கதவும். 78 இருக்கைக்கு ஊழியர் இரண்டே பேர். நாலு வழி, ரெண்டு பேர். மிச்சத்தை யார் பார்ப்பது? காசு கட்டியோ கட்டாமலோ அங்கே உட்கார்ந்திருக்கிற பயணிதான். லாஸ்பேட்டைக்கு வருவதும் இதே ஏடிஆர் தான்.

தென் கொரியாவில் 2023 மே 26இல் நடந்தது இன்னும் மோசம். ஜேஜு தீவிலிருந்து தேகு போன ஆசியானா விமானம், இறங்குவதற்குச் சற்று முன், சுமார் 200 மீட்டர் உயரத்தில் ஒரு பயணி கதவைத் திறந்துவிட்டார். உயரத்தில் பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தமே கதவைப் பிடித்து வைத்திருக்கும், எந்தப் பயில்வானாலும் திறக்க முடியாது. தரைக்குப் பக்கத்தில் அந்த அழுத்த வித்தியாசம் இருக்காது. நல்லவேளை, எல்லாரும் பிழைத்தார்கள். உடனே அந்த நிறுவனம் செய்தது என்ன தெரியுமா? அந்த வகை விமானங்களில் அந்தக் கதவோர இருக்கையை விற்பதையே நிறுத்தியது. விற்கலாமா கூடாதா என்பது நிறுவனம் எடுக்கிற முடிவுதான், இயற்கை விதி இல்லை.

இதற்கு நேர் எதிராக நம் நாட்டில் ஒன்று நடந்தது. 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்தில் விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டும் பிழைத்தார். அவர் இருந்தது அவசர வழிக்குப் பக்கத்து 11ஏ. அதற்குப் பிறகு 11ஏ வேண்டும் என்று கேட்டு வாங்குகிறார்கள் என்று செய்திகள் வந்தன. ராசி எண் பார்க்கிற நாடு, புரிகிறது. ஆனால் விமானத்துக்கு விமானம் 11ஆம் வரிசை இருக்கும் இடமே வேறு.

கடைசியாக மொழி. அமெரிக்க விதியில், எழுத்தாகவோ படமாகவோ தரப்படும் குறிப்பைப் புரிந்துகொள்ள வேண்டும், ஊழியர் வாயால் சொல்லும் கட்டளையும் புரிய வேண்டும் என்று இருக்கிறது. படம் எல்லாருக்கும் புரியும். கட்டளை? சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் தினமும் நூறு கிலோ பொருளைத் தூக்கி இறக்குகிற ஒரு தொழிலாளிக்கு அந்த மூடியைத் தூக்குவது சுலபம். அவருக்கு ஆங்கிலமும் இந்தியும் தெரியாது என்றால் தகுதியில்லாதவர் ஆகிவிடுகிறார். ஆங்கிலம் தெரிந்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஊழியர் பேசப் பேசத் தலையை மட்டும் ஆட்டுகிறவர் தகுதியானவர். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிற விமானத்தில் அந்த ஒரு நிமிட விளக்கத்தைத் தமிழில் சொல்வதற்கு என்ன செலவாகும்?

விற்கத்தான் போகிறார்கள் என்றால், காசு வாங்கும் முன்பே நாலு கேள்வியைத் தமிழில் கேட்கட்டும். வயது, உடல்நிலை, கூட வரும் குழந்தை, கதவைத் திறக்கச் சம்மதமா. தகுதியில்லை என்று பிறகு எழுப்பினால் கட்டிய காசைக் கேட்காமலே திருப்பித் தரட்டும். கால் வலிக்காரர்களுக்குக் கதவு இல்லாத முன்வரிசையில் இடம் ஒதுக்கட்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. அந்த வரிசையில் இடம் கிடைத்தால் முன்னால் செருகியிருக்கும் அட்டையை ஒரு தடவை படியுங்கள். பிடி எங்கே, மூடி உள்ளே வருமா, வெளியே போகுமா, தானாக மேலே தூக்கிக்கொள்ளுமா என்று பாருங்கள், விமானத்துக்கு விமானம் மாறும். பையைக் காலடியில் வைக்காதீர்கள். ஊழியர் சொன்னது புரியவில்லை என்றால் வெட்கப்படாமல் திரும்பக் கேளுங்கள். என்னால் முடியாது என்று தோன்றினால் வேறு இடம் கேளுங்கள். அமெரிக்க விதியில், மாற்றிக் கேட்கிறவரிடம் காரணம் கேட்கக் கூடாது என்றே எழுதி வைத்திருக்கிறார்கள்.