இடமும் அடையாளமும்: கோட்டூர்புரச் சுவடி எண்களும் ஜாவா தரவுத்தள இயக்கியின் நிரை அடையாளமும்

ஆய்வுச்சுருக்கம்

தரவுத்தள அட்டவணையின் ஒரு நிரையை அதன் இருப்பிடத்தைக் கொண்டே சுட்டும் வழக்கம் எவ்வாறு தோன்றியது, 2006-இல் வெளிவந்த ஜேடிபிசி 4.0 தர வரையறையில் அது எவ்வடிவம் பெற்றது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. கோட்டூர்புரத்தில் இயங்கும் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் எண்முறை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நிரை அடையாளம், ஜேடிபிசி, முதன்மைத் திறவுகோல், சுவடி எண், கோட்டூர்புரம்

முன்னுரை

கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தின் 7-ஆம் தளத்தில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் அமைந்துள்ளது. 1869-இல் நிறுவப்பெற்ற இந்நூலகம் மெக்கன்சி, லெய்டன், பிரௌன் ஆகியோரின் திரட்டுகளை அடிப்படையாகக் கொண்டது. நெடுங்காலம் சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழக நூலகக் கட்டடத்தில் இயங்கியது. அக்காலத்தில் இங்குள்ள சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தவர்கள் தம் முன்னுரைகளிலும் அடிக்குறிப்புகளிலும் ‘டி’ எண், ‘ஆர்’ எண் என்பவற்றைக் கொண்டு அவற்றைச் சுட்டினர். நூலகம் சேப்பாக்கத்தை விட்டு அடையாற்றின் தென்கரைக்கு வந்த பின்னரும் அவ்வெண்கள் பொருளிழக்கவில்லை. பழைய பதிப்பின் அடிக்குறிப்பில் உள்ள எண்ணைக் கொண்டே இன்றைய ஆய்வாளரும் சுவடியைக் கேட்க முடிகிறது.

இதனை இயல்பான ஒன்றாகக் கொள்ள இயலாது. எண் என்பது அலமாரியையும் தட்டையும் குறித்ததாக இருந்திருப்பின், இடம்பெயர்ந்த அன்றே அத்தனை அடிக்குறிப்புகளும் பயனற்றுப் போயிருக்கும். தரவுத்தள வரலாற்றில் இச்சிக்கல் அரை நூற்றாண்டாக விவாதிக்கப்பட்டு வருகிறது.

இருப்பிடமே பெயராதல்

1960-களின் தரவுத்தளங்களில் ஒரு பதிவிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியைச் சுட்டிகளே அமைத்தன. நிரலர் அச்சுட்டிகளின் வழியே பதிவு பதிவாகப் பயணம் செய்தார். 1973-ஆம் ஆண்டின் டூரிங் விருது உரையில் சார்லஸ் பாக்மன் நிரலரை மாலுமியாக உருவகித்தது இதனால்தான். இம்முறையை எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட கட்டுரை மறுத்தது. தரவு எந்த வரிசையில், எந்த வழியில் சேமிக்கப்பட்டுள்ளது என்பதை நிரல் அறிந்திருக்கத் தேவையில்லை என்றார் அவர். நிரையை அதன் மதிப்புகளே அடையாளப்படுத்த வேண்டும். முதன்மைத் திறவுகோல் என்னும் கருத்து இங்கிருந்தே வலுப்பெறுகிறது. 1979-இல் அவரே, பொருளற்ற, மாறாத ‘பதிலி’ அடையாளங்களைக் கணினியே வழங்கலாம் என்று மேலும் ஒரு படி சென்றார்.

ஆயினும் வட்டுக்கு இக்கோட்பாடு போதாது. திறவுகோலின் மதிப்பு தெரிந்தாலும், அந்நிரை வட்டின் எப்பகுதியில் உள்ளது என்பதை எங்கேனும் குறித்து வைத்தாக வேண்டும். காட்டின் கோட்பாட்டைச் செயற்படுத்த முயன்ற ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம் ஆர் திட்டம் இதற்கு ஒரு நுட்பமான விடை கண்டது. நிரையின் அடையாளம் பக்க எண், அப்பக்கத்துள் உள்ள பொந்து எண் என்னும் இரண்டால் ஆனது. பொந்தில் நிரை இருப்பதில்லை. நிரை அப்பக்கத்தில் எங்குத் தொடங்குகிறது என்னும் குறிப்பே இருக்கும். ஆகவே பக்கத்துக்குள் நிரை நகர்ந்தாலும் அடையாளம் மாறாது. வளர்ந்து வேறு பக்கத்துக்குச் செல்ல நேரின், பழைய இடத்தில் புதிய முகவரி எழுதிவைக்கப்படும். வீடு மாறியவர் அஞ்சலகத்தில் மாற்று முகவரி கொடுத்துச் செல்வதை ஒத்தது இது.

ஆரக்கிள் தரவுத்தளத்தின் ரோஐடி இம்மரபில் வந்ததே. அதன் 8-ஆம் பதிப்பு முதல் இது 18 எழுத்துகளால் எழுதப்படுகிறது: முதல் 6 தரவுப்பொருளின் எண், அடுத்த 3 கோப்பின் எண், அடுத்த 6 பிளாக் எண், இறுதி 3 பிளாக்கினுள் நிரையின் எண். இது முழுமையான ஒரு முகவரி என்பதால் ஒரு நிரையை எட்டுவதற்கு இதைவிட விரைவான வழி ஆரக்கிளில் இல்லை. ஆனால் அட்டவணையை வேறிடத்துக்கு நகர்த்தினாலோ, ஏற்றுமதி செய்து மீண்டும் இறக்குமதி செய்தாலோ முகவரி மாறிவிடும். இதினும் இடர் மிக்கது ஒன்றுண்டு. நிரை அழிக்கப்பட்ட பின் அதே முகவரியைப் புதிய நிரை ஒன்று பெறக்கூடும். அப்போது பழைய அடையாளம் பிழைச்செய்தி எதுவும் தராது. வேறொரு நிரையைக் கொணர்ந்து தரும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் சிடிஐடி இன்னும் நிலையற்றது. அங்கு ஒரு நிரையைத் திருத்தும்போது அதன் புதிய வடிவம் தனியே எழுதப்படுவதால், ஒவ்வொரு திருத்தத்துக்கும் முகவரி மாறுகிறது.

ஜேடிபிசி 4.0: வாழ்நாளைக் கேட்டல்

ஜாவா நிரல்கள் பல்வேறு தரவுத்தளங்களோடு ஒரே முறையில் உரையாடுவதற்கென 1997-இல் ஜேடிபிசி வெளிவந்தது. அதன் தொடக்கப் பதிப்புகளில் நிரை அடையாளத்துக்கெனத் தனி வகை இல்லை. ஆரக்கிள் பயன்படுத்துவோர் ரோஐடியை எழுத்துச்சரமாகவே பெற்றனர். அல்லது அந்நிறுவன இயக்கியின் தனி வகுப்பைச் சார்ந்திருந்தனர். எழுத்துச்சரமாகப் பெறுவதில் ஒரு தீங்கு உண்டு. சரத்தைக் கண்ட நிரலர் அதனை வெட்டிப் பார்ப்பார், கோப்பில் சேமிப்பார், வேறு அட்டவணையில் எழுதிவைப்பார். முகவரி அப்போது பெயர் போலத் தோற்றம் கொள்கிறது.

2006 டிசம்பரில் ஜாவா 6-உடன் வந்த ஜேடிபிசி 4.0 ரோஐடி என்னும் இடைமுகத்தை அறிமுகப்படுத்தியது. இதனை வடிவமைத்தோர் கைக்கொண்ட சிக்கனம் கவனத்துக்குரியது. இரண்டு அடையாளங்கள் ஒன்றா என ஒப்பிடலாம். அதன் பைட்டுகளையும் சர வடிவத்தையும் ஹாஷ் எண்ணையும் பெறலாம். அவ்வளவே. கோப்பு எது, பிளாக் எது என்று கேட்க வழியில்லை. பைட்டுகளின் அமைப்பு அந்தந்த நிறுவனத்துக்கே உரியது என்றும், ஒரு தரவு மூலத்தில் பெற்றதை வேறொன்றில் பயன்படுத்துவது தகாது என்றும் ஆவணம் எச்சரிக்கிறது.

இவ்விடைமுகத்தினும் முதன்மையானது அதனுடன் வந்த வாழ்நாள் பட்டியல். ‘உன் நிரை அடையாளம் எவ்வளவு காலம் செல்லும்?’ என்று நிரல் தரவுத்தளத்தைக் கேட்கலாம். விடை ஐந்தில் ஒன்றாக இருக்கும்: ஆதரவில்லை, பரிவர்த்தனை முடியும் வரை, அமர்வு முடியும் வரை, எல்லையின்றி, வரையறுக்க இயலாத வேறொரு காலம். போஸ்ட்கிரெஸின் ஜாவா இயக்கி ஆதரவில்லை என்றே விடையளிக்கிறது. தரவுத்தளத்துள் சிடிஐடி இருந்தும் இயக்கி அதனை இவ்வாயில் வழியே வெளிவிடுவதில்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் மாறும் முகவரியை நோக்க, இது குறைபாடன்று. நேர்மையான விடை எனலாம். ‘எல்லையின்றி’ என்னும் விடையைத்தான் ஐயத்துடன் நோக்க வேண்டும். நிரை அழிந்தாலும் அட்டவணை இடம்பெயர்ந்தாலும் அவ்வாக்குறுதி என்னாகும் என்பதை அச்சொல் உரைப்பதில்லை.

பொதியும் நூலும்

சுவடிகள் நூலகத்தின் விளக்கப் பட்டியல்கள் இதே சிக்கலைக் கணினிக்கு முன்பே எதிர்கொண்டன. ஓர் ஏட்டுப் பொதியில் பல நூல்கள் இருத்தல் இயல்பு. பட்டியலாளர்கள் பொதிக்கு ஓர் எண் கொடுத்து நிறுத்தவில்லை. பொதியுள் அடங்கிய நூல் ஒவ்வொன்றுக்கும் பொருட்பகுப்பின்படி தனி எண் கொடுத்தனர். பின்னர், இந்நூல் இன்ன எண்ணின்கீழ் விளக்கப்பட்ட சுவடியின் இத்தனையாவது ஏட்டில் தொடங்குகிறது என்று குறித்தனர். எண் நூலின் பெயராக நின்றது. இருப்பிடம் அப்பெயரின்கீழ்த் தனிக் குறிப்பாக அடங்கியது. சிஸ்டம் ஆர் திட்டத்தின் பொந்தும் காட்டின் பதிலியும் செய்ய முயன்ற பணிப்பிரிவு இதுவே.

அச்சு நூலுலகிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, நூலின் எண்ணைத் தட்டிலிருந்து பிரித்து அதன் பொருளோடு பிணைத்தது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பது அவருடைய ஐந்து விதிகளுள் இறுதியானது. வளரும் ஒன்றில் தட்டின் எண் நிலைக்க இயலாது.

இடப்பெயர்வு கற்பனையான அச்சமன்று. 2011 நவம்பரில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தை நுங்கம்பாக்கத்துக்கு மாற்றிவிட்டு அக்கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்க அரசு முடிவு செய்தது. சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்ததால் அது நிகழவில்லை. தரவுத்தள நிருவாகியின் ஒரு கட்டளை ஓர் அட்டவணைக்குச் செய்வதும் இத்தகைய இடமாற்றமே. அதற்குத் தடை கோர அட்டவணைக்கு எந்த நீதிமன்றமும் இல்லை.

தமிழ்ச் சுவடிகளும் அரிய நூல்களும் மின்னுருவாகித் தரவுத்தளங்களில் சேர்ந்துவரும் இக்காலத்தில் இவ்வேறுபாடு ஆய்வாளரை நேரடியாகத் தொடுகிறது. பட்டியல் நிரையொன்றைப் படித்து, பிழை திருத்தி, அதே பரிவர்த்தனையில் மீண்டும் எழுதும் நிரலுக்கு ரோஐடி தக்க கருவி. அவ்வடையாளத்தை இணைய முகவரியில் பொதிந்து, ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் இடம்பெறச் செய்வது வேறு. தரவுத்தளம் புதிய கணினிக்கு மாற்றப்பட்ட மறுநாள் அவ்வடிக்குறிப்பு வெற்றிடத்தைக் காட்டலாம். வேறொரு சுவடியையும் காட்டலாம். பின்னது நேர்ந்தால், ஆய்வேட்டை மதிப்பிடுபவர் அதனைப் பாடவேறுபாடு என்றே கருதிவிட வாய்ப்புண்டு.

கோட்டூர்புரத்தில் சுவடி கேட்பவர் ‘டி’ எண்ணை எழுதிக் கொடுக்கிறார். அச்சுவடி எந்த அலமாரியில் உள்ளது என்பது நூலகப் பணியாளருக்குத் தெரிந்தால் போதும்.