அணுக் காந்தமானி வழி உலோகச் சோதனை

உலோகத்தை வெட்டாமல், உடைக்காமல் அதன் விரிசலையும் அரிப்பையும் கண்டறியும் முறைகளுள் ஒன்று. மாறுமின்னோட்டம் பாயும் கம்பிச்சுருளை உலோகத்தின் அருகே வைத்தால், உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டங்கள் எழும். விரிசல் குறுக்கிட்டால் அவை பாதை விலகும். அவை உண்டாக்கும் காந்தப்புலமும் மாறும். பழைய கருவிகள் இம்மாற்றத்தை இன்னொரு சுருளால் அளக்கின்றன.

சிக்கல் ஆழத்தில் இருக்கிறது. அலுமினியத்தில் 50 ஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் ஊடுருவும். 10 லட்சம் ஹெர்ட்ஸ் அலையோ 0.1 மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. ஆழத்துக்குக் குறைந்த அதிர்வெண் வேண்டும். ஆனால் அதிர்வெண் குறையக் குறையச் சுருளின் உணர்திறனும் மங்கிவிடும். அணுக் காந்தமானியின் பெருமை இங்கேதான்: அது புலம் மாறும் வேகத்தை அல்ல, புலத்தையே உணர்கிறது.

இக்கருவியின் கண்ணாடிக் குப்பிக்குள் ருபீடியம் அல்லது சீசிய ஆவி இருக்கும். லேசர் ஒளி அணுக்களின் தற்சுழற்சியை ஒரே திசையில் ஒழுங்குபடுத்தும். ஒளியால் அணுக்களை இவ்வாறு ஒழுங்குபடுத்தும் வழியை வகுத்த ஆல்பிரட் காஸ்லர் 1966இல் நோபல் பரிசு பெற்றார். காந்தப்புலத்தில் இவ்வணுக்கள் பம்பரம்போல் தலையாட்டிச் சுற்றும். ருபீடியம்-87 அணுவில் ஒரு நானோடெஸ்லாவுக்கு நொடிக்குச் சுமார் 7 சுற்று. ஆவியைக் கடந்துவரும் ஒளி இச்சுற்றைக் காட்டிக்கொடுக்கும். மீக்கடத்திக் காந்தமானிகளுக்கு வேண்டிய திரவ ஹீலியமோ திரவ நைட்ரஜனோ இதற்குத் தேவையில்லை என்பது பெரிய வசதி.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியிலும் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்திலும் இத்துறை ஆய்வுகள் நடந்துள்ளன. காப்புறைக்கு அடியில் ஒளிந்திருக்கும் குழாய் அரிப்பைக் காண்பது முக்கிய இலக்கு. எஃகில் மட்டும் அதன் சொந்தக் காந்தத்தன்மை அளவீட்டைக் குழப்புகிறது. புவியின் காந்தப்புலத்தையும் ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது.