காப்பிப் பொட்டலத்தில் ஒரு வரி: சேர்வராயன் மலைக் காப்பியும் நுகர்வோர் உரிமையும்

மாரமங்கலம் சேலம் மாவட்டம் ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தில் உள்ள மலைக்கிராம ஊராட்சி. சேர்வராயன் மலையின் மற்ற ஊர்களைப் போலவே இங்கும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். மலையில் வாழ்வோர் என்ற பொருளில் வழங்கும் இப்பெயருக்கும் கேரளத்தாருக்கும் தொடர்பில்லை. காப்பியும் மிளகும் இம்மலையின் முதன்மைப் பணப்பயிர்கள்.

மலையில் விளைந்த காப்பி, பொடியாகி ஒரு வீட்டின் பில்டரை அடையும்போது பெரும்பாலும் தனியாக வருவதில்லை. சிக்கரி என்னும் செடியின் வேரை வறுத்து அரைத்த தூளும் உடன் வருகிறது. எது எவ்வளவு என்பதைப் பொட்டலத்தில் உள்ள ஒரே ஒரு வரி சொல்கிறது. இந்தியச் சட்டத்தில் நுகர்வோர் உரிமை என்ற சொல் ஏறுவதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன்பே, வாங்குபவருக்குத் தகவல் பெறும் உரிமையைத் தந்த வரி இது. அதன் வரலாறு மலைக்கு வெளியே, நெடுந்தொலைவில் தொடங்குகிறது.

சிக்கரி வந்த வழி

சேலம் ஆட்சியராக 1820 முதல் 1829 வரை இருந்த எம். டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். பின்னர் ஐரோப்பியர்கள் பெருந்தோட்டங்களை அமைத்தனர். 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியத் தோட்டக் காப்பியின் முதன்மைச் சந்தை ஐரோப்பாவாக இருந்தது. அந்தச் சந்தையில்தான் சிக்கரி காத்திருந்தது.

நெப்போலியன் காலத்து வணிகத் தடையால் காப்பி கிடைக்காமல் போனபோது பிரான்சில் சிக்கரியின் பயன்பாடு பெருகியது. இங்கிலாந்தில் 1840இல் காப்பியுடன் சிக்கரியைக் கலந்து விற்க அரசே அனுமதித்தது. கலப்பைக் கண்டுபிடிக்க வழியில்லை என்று 1850இல் நிதியமைச்சர் சார்லஸ் உட் நாடாளுமன்றத்தில் கூறினார். ஆர்தர் ஹில் ஹாசல் என்ற மருத்துவர் கடைகளில் காப்பித்தூளை வாங்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். காப்பிக்கொட்டையின் திசுவும் சிக்கரி வேரின் திசுவும் வேறுவேறாகத் தெரிந்தன. அவருடைய ஆய்வுகள் 1851 முதல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தன. கலப்படப் பொருளை விற்ற வணிகர்களின் பெயர்களையும் முகவரிகளையும் அவ்விதழ் அச்சிட்டது. ஒரு மருத்துவ இதழ் கடைக்காரர்களை இப்படிப் பெயர் சொல்லி நிறுத்தியது அக்காலத்தில் சிறிய துணிச்சல் அல்ல.

அப்போதும் சிக்கரி தடை செய்யப்படவில்லை. கலந்தால் கலந்ததாகச் சொல்லி விற்க வேண்டும் என்ற நிலைப்பாட்டுக்கு அரசு வந்தது. பொருளைத் தடுப்பதற்குப் பதிலாக வாங்குபவருக்கு உண்மையைச் சொல்லச் செய்வது என்ற இந்த அணுகுமுறையே ஒரு நூற்றாண்டுக்குப் பின் இந்தியாவிலும் சட்டமாயிற்று.

51 விழுக்காடு

சென்னை மாகாணம் 1918இலேயே உணவுக் கலப்படத் தடைச் சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்குமான உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954இல் இயற்றப்பட்டு, 1955இல் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகள் காப்பியுடன் சிக்கரியைத் தவிர வேறு எந்தப் பொருளையும் கலந்து விற்பதைத் தடை செய்தன. புளியங்கொட்டைத் தூளும் பேரீச்சங்கொட்டைத் தூளும் காப்பித்தூளில் கலக்கப்படும் வழக்கமான கலப்படப் பொருள்கள். சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. காப்பி எத்தனை விழுக்காடு, சிக்கரி எத்தனை விழுக்காடு என்று பொட்டலத்தின் மேல் எழுத வேண்டும். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் 2011இல் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தபோதும் இந்த 51 அப்படியே தொடர்ந்தது.

அரைக் கிலோப் பொட்டலத்தில் 80:20 என்றிருந்தால் காப்பி 400 கிராம். 60:40 என்றிருந்தால் 300 கிராம். சட்டம் அனுமதிக்கும் கடைசி அளவில் 255 கிராம் மட்டுமே. சிக்கரியின் விலை காப்பியைவிட மிகவும் குறைவு. ஆகவே இரண்டு பொட்டலங்களின் விலையை ஒப்பிடும்போது மொத்த எடையைப் பார்ப்பது போதாது. காப்பியின் எடையைக் கணக்கிட வேண்டும். நிறத்தை நம்புவதும் தவறு. சிக்கரியில் நீரில் கரையும் பகுதி காப்பியைவிட அதிகம் என்பதால் டிக்காக்‌ஷன் கருப்பாகவும் திடமாகவும் இறங்கும். கறுத்த டிக்காக்‌ஷனை நல்ல காப்பியின் அடையாளமாகக் கொள்ளும் நம் வழக்கம் வணிகருக்கு வசதியானது.

சிக்கரி நஞ்சு அல்ல. அதன் சுவையை விரும்பிக் கேட்டு வாங்குவோர் உண்டு. காப்பி விலை கொடுத்தவருக்குச் சிக்கரி கிடைப்பதுதான் சிக்கல். அங்கே நட்டம் இருவருக்கு: ஒருவர் வாங்கியவர், மற்றவர் மலையில் காப்பி விளைவித்தவர். பொட்டலத்தில் அறிவிக்காமல் ஏறும் ஒவ்வொரு கிராம் சிக்கரியும் ஒரு கிராம் காப்பியின் விற்பனையைக் குறைக்கிறது.

வீட்டிலேயே ஓர் எளிய சோதனை செய்யலாம். கண்ணாடித் தம்ளரில் குளிர்ந்த நீர் ஊற்றி, மேலே சிறிது பொடியைத் தூவ வேண்டும். காப்பித்தூள் பெரும்பாலும் மிதக்கும். சிக்கரி சில நிமிடங்களில் பழுப்புக் கோடு இழுத்தபடி கீழே இறங்கும். இது சிக்கரி இருப்பதைக் காட்டும்; விழுக்காட்டைக் காட்டாது.

விழுக்காட்டை அறிய ஆய்வகம் வேண்டும். உணவு அலுவலர் வந்து மாதிரி எடுக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது பலருக்குத் தெரியாது. பொருளை வாங்கும்போதே, பகுப்பாய்வுக்கு அனுப்பப்போவதாகக் கடைக்காரரிடம் தெரிவித்துவிட்டு, உரிய கட்டணம் செலுத்தி, வாங்கியவரே உணவுப் பகுப்பாய்வாளரிடம் அறிக்கை பெறலாம். சட்டமீறல் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். 1954ஆம் ஆண்டுச் சட்டத்திலும் வாங்குபவர் பகுப்பாய்வு செய்துகொள்ள இடமிருந்தது. இன்றைய சட்டத்தில் 40ஆம் பிரிவு இதைக் கூறுகிறது. இத்தனை ஆண்டுகளாக இருந்தும் மிகக் குறைவாகப் பேசப்படும் உரிமை இது.

விளைவிப்பவரும் நுகர்வோரே

1942ஆம் ஆண்டின் காப்பிச் சட்டத்தின் கீழ் விவசாயிகள் விளைச்சலைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைத்தனர். விற்பனைக்கு ஏற்பப் பணம் தவணைகளாக வந்தது. 1990களில் இந்த முறை படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் முழுமையாக முடிந்தது. அதன்பின் மலை விவசாயி தன் காப்பியை விரும்பியவருக்கு விற்கலாம். வாரியம் பெயரிட்டு அடையாளப்படுத்தும் வட்டாரக் காப்பிகளில் சேர்வராயனும் ஒன்று. ஆனால் விலையையும் தரத்தையும் எடையையும் விவசாயி தானே கவனிக்க வேண்டியதாயிற்று.

1986 டிசம்பர் 24 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்பவரின் இத்தகைய குறைகளுக்காக எழுதப்பட்டதன்று. அது வாங்குபவருக்கான சட்டம். மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்குபவர் அதில் நுகர்வோர் ஆகார்; சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்த வாங்குபவர் ஆவார். விதை வாங்கும் விவசாயி நுகர்வோரா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தேசிய விதைக் கழகத்தின் வழக்கில் 2012இல் வந்த தீர்ப்பு, விவசாயி நுகர்வோரே என உறுதி செய்தது. மாரமங்கலத்தில் விதையோ உரமோ தெளிப்பானோ வாங்கி ஏமாந்த சிறு விவசாயிக்கும் இது பொருந்தும்.

பழைய சட்டத்தில் பொதுவாக எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ சிக்கல் எழுந்த இடத்திலோதான் வழக்குத் தொடர முடியும். 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம், புகார் செய்பவர் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம் என்று மாற்றியது. வெளியூர் நிறுவனத்தின் பொருளாக இருந்தாலும் மலைக்காரர் சேலம் மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். இணைய வழியும் உண்டு. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. சிக்கல் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எந்த வழியில் சென்றாலும் முதலில் கேட்கப்படுவது பில். மலைச் சந்தையிலும் அடிவாரக் கடையிலும் பெரும்பாலோர் கேட்டு வாங்காமல் விடுவது அதைத்தான்.