மலைமேல் ஏறிய கடல்

மின்சாரத்தை நெல்லைப்போல் குதிரில் கொட்டி வைத்தல் அரிது. ஆதலின் பொறியியலார் ஓர் உபாயம் கண்டனர். இரவில் மிஞ்சும் மின்சாரத்தைக் கொண்டு தாழ்விடத்து நீரை மேட்டுத் தேக்கத்திற்கு ஏற்றுவர். தேவை மிகும் வேளையில் அதனைக் கீழே பாய்ச்சி மின்சாரத்தை மீட்பர். இவ்வாறு ஏற்றிய நீர் ஒவ்வொரு துளியும் விலை கொடுத்து வாங்கியது. அது தரைவழியே கசிந்தால் முதலுக்கே நட்டம், கரையையும் அரிக்கும்.

கசிவைத் தடுக்கக் களிமண்ணை இறுக்குவது தொன்றுதொட்டு வந்த முறை. அமெரிக்காவில் மிச்சிகன் ஏரிக்கரையில் 1973-இல் முடிவுற்ற லூடிங்டன் நிலையத்தில் தேக்கத்தின் தரைக்குக் களிமண்ணையும், கரைச் சரிவுக்கு ஆஸ்பால்ட்டையும் இட்டனர். அங்கே சிறிது கசிந்தாலும் கசிவது நன்னீரே.

ஜப்பானின் ஒகினாவாத் தீவில் நிலைமை வேறு. அங்கே யன்பாரு என்னும் காட்டுப்பகுதியில், கடலையே கீழ்த்தேக்கமாகக் கொண்டு 30,000 கிலோவாட் நிலையம் ஒன்றை 1991-இல் கட்டத் தொடங்கினர். உலகில் கடல்நீரை இவ்வாறு ஏற்றி இறக்கிய நிலையங்களில் அதுவே முதலாவது. உப்புநீர் மண்ணில் இறங்கினால் காடு என்னாகும்? பறத்தலை ஏறக்குறைய மறந்துவிட்ட ஓர் அரிய பறவை வாழும் காடு அது. அதனை அறிவியலார் பெயரிட்டு விளக்கியதே 1981-இல்தான்! ஆகவே இங்கே கசிவு பணநட்டமாக மட்டும் நின்றுவிடாது, நஞ்சாகவே முடியும்.

எண்கோண வடிவில் 25 மீட்டர் ஆழமுள்ள மேல்தேக்கத்தை வெட்டி, அதன் உட்புறம் முழுவதும் செயற்கை ரப்பர் விரிப்பினால் போர்த்தினர். எத்திலீனும் புரோப்பிலீனும் கலந்த ரப்பர் வகை அது. வெயிலுக்கு எளிதில் வெடிக்காது. நிலம் சற்றே அமிழ்ந்தாலும் கிழியாது நீண்டு கொடுக்கும்.

எனினும், என் மனத்தைக் கவர்வது ரப்பரினும் அதன் அடியில் செய்த ஏற்பாடே. விரிப்பு ஒருநாள் கிழியக்கூடும் என்று முன்னரே எண்ணிய அறிஞர்கள் அவர்கள். கீழே சரளைப் படுகை பரப்பி, கசியும் நீர் ஓரிடத்தில் திரளுமாறு செய்தனர். கசிவை அறியக் கருவிகள் வைத்தனர். திரண்ட நீரை மீண்டும் தேக்கத்திற்கே ஏற்றப் பம்பும் அமைத்தனர். தம் தேர்வை முழுதும் நம்பிவிடாத அந்த எச்சரிக்கையே உயர்ந்த பொறியியல் என்பேன். சாலையோர வாய்க்கால்களில்கூட, தவறி விழும் சிற்றுயிர்கள் ஏறிச் செல்லச் சாய்வு விட்டனராம்!

நிலையம் 1999-இல் இயங்கத் தொடங்கியது. ஆனால் தீவின் மின்தேவை கணித்த அளவிற்கு வளரவில்லை. 2016-இல் அதனை மூடிவிட்டனர்.